உப்பை நாடிய ஈ

பம்பாயின் கடலோரத்தில் தொடங்கி, பெங்களூரின் கேழ்வரகு வயல்களுக்கு நடுவே குடியேறிய ஓர் ஆராய்ச்சி. அரைநூற்றாண்டாக அது கேட்டுவரும் கேள்வி ஒன்றுதான்: மூளை எப்படி வேலை செய்கிறது? பதில் சொல்வது ஓர் ஈ.

பெங்களூரிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் பெல்லாரி சாலையில் நிதானமாகப் பயணம் செய்கிறவர்கள் குறைவு. 2008இல் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறந்த நாளிலிருந்து இந்தச் சாலைக்கு ஓட்டம் ஒன்றுதான் தெரியும். ஹெப்பாள் மேம்பாலத்தைத் தாண்டிச் சற்று தூரம் போனதும் இடது புறம் ஒரு நுழைவாயில். பஸ் கண்டக்டர்கள் 'ஜி.கே.வி.கே.' என்று நான்கே எழுத்தில் கூவும் இடம். முழுப் பெயர் காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திரம். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இது. உள்ளே நுழைந்த சில நிமிடங்களில் நகரத்தின் இரைச்சல் பின்னால் தங்கிவிடுகிறது. பலா மரங்கள், கேழ்வரகு வயல்கள், செம்மண் பாதைகள். நவம்பரில் இங்கே நடக்கும் கிருஷி மேளாவுக்குக் கர்நாடகத்தின் மூலைமுடுக்குகளிலிருந்தெல்லாம் விவசாயிகள் வந்து குவிகிறார்கள்.

பூச்சிகளை எப்படி ஒழிப்பது என்று பாடம் நடக்கும் இதே வளாகத்துக்குள், பூச்சியைக் கண்ணும் கருத்துமாக வளர்க்கும் ஒரு நிறுவனம் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த தேசிய உயிரியல் அறிவியல் மையம். இங்கே நடக்கும் ஆராய்ச்சிகள் பல. ஆனால் இந்த மையம் உருவாகக் காரணமாக இருந்த பிராணிகளில் முதல் மரியாதைக்கு உரியது பழ ஈ.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். மாம்பழத்தைத் துளைத்து முட்டையிட்டு விவசாயியின் வயிற்றில் அடிக்கும் பழ ஈ வேறு. அது வேறொரு குடும்பம். ஆய்வகத்து ஈ, கனிந்து கறுத்த வாழைப்பழத்தைச் சுற்றிச் சமையலறையில் வட்டமிடுமே, அந்தப் பொடி ஈ. சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம், சிவந்த கண்கள். பழத்தைவிடப் பழத்தில் நொதிக்கும் ஈஸ்ட்தான் இதற்குப் பிடித்த ஆகாரம். விஞ்ஞானிகள் வைத்த பெயர் டிராசோஃபிலா மெலனோகாஸ்டர். இந்தக் குழப்பம் பாமரர்களுக்கு மட்டும் உரியதல்ல. 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட சேரா பேலின், பழ ஈ ஆராய்ச்சிக்கெல்லாமா அரசுப் பணம் போகிறது என்று மேடையில் கேலி செய்தார். அவர் குறிப்பிட்டது ஆலிவ் தோட்டங்களை நாசம் செய்யும் ஈயை. அதாவது பூச்சிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சியை. ஆனால் அடி விழுந்ததென்னவோ இரண்டு ஈக்களுக்கும் சேர்த்துத்தான்.

ஈ அறை என்பது எந்த நாட்டில் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர் சேர்த்துக் காய்ச்சிய கூழின் வாசனை முதலில் வரும். கொஞ்சம் தோசை மாவு புளித்த வாசனை, கொஞ்சம் பேக்கரி வாசனை. தட்டுத் தட்டாகக் குழாய்கள். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு விரற்கடை கூழ், வாயில் பஞ்சு அடைப்பு, பக்கத்தில் பேனாவால் எழுதிய குறியீடு. உள்ளே சில டஜன் ஈக்கள். கார்பன் டை ஆக்ஸைடு வாயுவால் அவற்றை மயங்க வைத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழே கொட்டி, மெல்லிய தூரிகையால் ஆண், பெண், சுருள் இறகு, வெள்ளைக் கண் என்று பிரிக்கிறார்கள். அரிசியில் கல் பொறுக்கும் பொறுமை வேண்டும்.

ஏன் ஈ? முதல் காரணம் அவசரம். 25 டிகிரி வெப்பத்தில் முட்டை பத்தே நாளில் ஈயாகிவிடும். ஓர் ஆராய்ச்சி மாணவர் ஒரு வருடத்தில் முப்பது தலைமுறைகளைப் பார்க்கலாம். இரண்டாவது, எளிமை. குரோமோசோம்கள் நான்கே ஜோடி. மூன்றாவது, பரம்பரைச் சொத்து. 1910இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் வெள்ளைக் கண் ஈ ஒன்றைக் கண்டதிலிருந்து சேர்ந்த நூறாண்டு அறிவு இதன் பின்னால் இருக்கிறது. மரபணுக்கள் குரோமோசோமில் வரிசையாக அமர்ந்திருக்கின்றன என்பதே இந்த ஈ சொல்லித் தெரிந்த சங்கதிதான்.

ஆனால் கண்ணின் நிறம் வேறு, மனத்தின் போக்கு வேறு. நடத்தையையும் மரபணுவைக் கொண்டு ஆராய முடியும் என்று 1960களில் அடம்பிடித்தவர் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஸீமர் பென்ஸர். பௌதிகத்தில் தொடங்கி, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் மரபணுவைக் கூறுபோட்டுப் பார்த்துப் பெயர் எடுத்தவர். அவருடைய வழி எளிமையானது. தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது எந்தக் கம்பி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. ஒரு கம்பி அறுந்து மூன்று வீடுகள் இருண்டால்தான் தெரியும். மூளையிலும் ஒரே ஒரு மரபணுவைக் கெடுத்துவிட்டு என்ன இருள்கிறது என்று பார்த்தால் என்ன?

ஈக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் ரசாயனம் ஒன்றைக் கலந்து கொடுத்தால் அவற்றின் மரபணுக்களில் அங்கங்கே எழுத்துப்பிழை விழும். அவற்றின் சந்ததியை ஆயிரக்கணக்கில் சோதித்து, விசித்திரமாக நடந்துகொள்ளும் ஈயைப் பிடிக்க வேண்டும். பிறகு எந்த மரபணு கெட்டது என்று தேட வேண்டும். 1967இல் வெளிச்சத்தை நோக்கி ஓடாத ஈக்களைப் பிரித்தெடுக்கும் முறையைப் பென்ஸர் வெளியிட்டார். 1971இல் அவருடைய மாணவர் ரொனால்ட் கொனாப்கா, உடலின் கடிகாரம் கெட்ட ஈக்களைக் கண்டார். ஒரு வகைக்கு நாள் என்பது 19 மணி, இன்னொன்றுக்கு 28 மணி, மூன்றாவதற்கு நேரமே இல்லை. மூன்றும் ஒரே மரபணுவின் கோளாறு. இந்த மரபணு வேலை செய்யும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. மனித உடலின் கடிகாரமும் இதே உறவுமுறை மரபணுக்களைக் கொண்டுதான் ஓடுகிறது.

பெங்களூர் ஈக்களின் பூர்வீகம் பெங்களூர் அல்ல. அதைத் தேடிப் போக வேண்டியது மும்பைக்கு. தெற்கே தெற்கே என்று போய், கொலாபாவைத் தாண்டி, கடற்படைக் குடியிருப்புகளான நேவி நகரையும் கடந்தால் நிலம் முடிகிற இடத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். 1954இல் நேரு அடிக்கல் நாட்டி 1962இல் அவரே திறந்துவைத்த கட்டடம். பின்புறம் புல்வெளி, அதற்கப்பால் அரபிக்கடல். உள்ளே சுவர்களில் ஹூசேன் முதலிய ஓவியர்களின் படைப்புகள். அணுவிஞ்ஞானி ஹோமி பாபா, இந்த நாட்டில் விஞ்ஞானம் எப்படி நடக்க வேண்டும் என்று கனவு கண்டாரோ அப்படியே அமைந்த இடம்.

கணிதமும் அணு பௌதிகமும் கோலோச்சிய இந்த இடத்தில் 1962இல் மூலக்கூறு உயிரியலுக்கு ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ஒபைத் சித்திக்கி. உத்தரப் பிரதேசத்தின் பஸ்தி மாவட்டத்தில் 1932இல் பிறந்தவர். அலிகரில் படித்து, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மரபியல் மேதை கீதோ பான்ட்டகோர்வோவிடம் டாக்டர் பட்டம் பெற்றவர். பிறகு அமெரிக்காவில் பாக்டீரியா மரபியலில் உழைத்தவர். ஹங்கேரியில் பிறந்த பௌதிக விஞ்ஞானி லியோ ஸிலார்ட் அவரைப் பற்றிப் பாபாவிடம் எடுத்துச் சொல்ல, பாபா அழைத்தார். உயிரியலில் முன்அனுபவம் இல்லாத ஒரு நிறுவனம், முப்பது வயது இளைஞர் ஒருவரிடம் ஒரு துறையை ஒப்படைத்தது. பாபா 1966இல் விமான விபத்தில் மறைந்தார். அவர் நட்ட செடி பிழைத்தது.

1970களில் சித்திக்கி பென்ஸரின் ஆய்வகத்தில் இருந்து பணியாற்றினார். அங்கே அவரை ஈர்த்தவை, சூடேறினால் விழுந்துவிடும் ஈக்கள். சாதாரண அறை வெப்பத்தில் இவை ஓடும், பறக்கும், குறையே தெரியாது. வெப்பத்தை ஏற்றினால், யாரோ ஸ்விட்சை அணைத்தது போலக் குழாயின் அடியில் விழும். குளிர வைத்தால் எழுந்து நடக்கும். ஆராய்ச்சியாளருக்கு இதைவிட வசதி வேறென்ன? கம்பியை அறுக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். வேண்டும்போது அணைத்து வேண்டும்போது ஏற்றலாம். சித்திக்கியும் பென்ஸரும் 1976இல் வெளியிட்ட கட்டுரை, மூன்று மரபணுக்களில் பிழையுள்ள ஈக்களின் நரம்புகளில் மின்முனை வைத்து எங்கே கோளாறு என்று அலசியது.

இந்த மரபணுக்களின் பெயர்கள் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஒரு விருந்து. ஈ ஆராய்ச்சியாளர்கள் மரபணுவுக்குப் பெயர் வைப்பது அது கெட்டால் என்ன ஆகிறது என்பதைப் பார்த்து. நம் கிராமங்களில் பட்டப்பெயர் வைப்பது போலத்தான். 'ஷிபிரே' என்பது ஜப்பானியச் சொல், மரத்துப்போதல். 'கோமடோஸ்' என்றால் மூர்ச்சை. 'பாராலிட்டிக்' என்றால் வாதம். ஈதர் மயக்கத்தில் கால் உதறும் ஈக்குப் பெயர் 'ஷேக்கர்'. உதறல்காரன் என்று சொல்லலாம். வாசனையோடு மின்அதிர்ச்சி தந்தும் அந்த வாசனையைத் தவிர்க்கக் கற்காத ஈ 'டன்ஸ்', அதாவது மண்டு. கற்றுக்கொண்டு உடனே மறந்துவிடுவது 'அம்னீஷியாக்', மறதிக்காரன். இந்த மறதிக்காரனின் ஒரு வகை சாராய ஆவி பட்டால் சீக்கிரமே தள்ளாடிவிடுகிறது என்று 1998இல் கண்டார்கள். படிப்பு ஏறாத மற்ற ஈக்களுக்கு அமெரிக்கர்கள் காய்கறிப் பெயராகவே வைத்துவிட்டார்கள்: டர்னிப், முள்ளங்கி, முட்டைக்கோஸ். நம் வாத்தியார் 'களிமண்' என்றிருப்பார்.

பட்டப்பெயர்களுக்குள்ளே ஒளிந்திருந்தது நரம்பு மண்டலத்தின் உதிரிபாகப் பட்டியல். நரம்பில் செய்தி ஓடுவது மின்சாரமாக. அதற்குச் செல்லின் சுவரில் சோடியம் உள்ளே நுழையவும் பொட்டாசியம் வெளியேறவும் கதவுகள் வேண்டும். 'வாதம்' என்ற மரபணு சோடியம் கதவைச் செய்கிறது. சூட்டில் அந்தக் கதவு திறக்கத் தவறும்போது ஈ விழுகிறது. 'உதறல்காரன்' ஒரு பொட்டாசியம் கதவு. 1987இல் இந்த மரபணுவைப் பிரித்தெடுத்ததைக் கொண்டுதான் பொட்டாசியம் கதவுகளின் கட்டமைப்பே முதன்முதலாக விளங்கியது.

ஒரு நரம்பு செல்லிலிருந்து அடுத்ததற்குச் செய்தி தாவுவது ரசாயனமாக. அந்த ரசாயனம் நுண்ணிய பைகளில் காத்திருக்கிறது. செய்தி வந்ததும் பை சுவரோடு கலந்து கொட்டுகிறது. பிறகு சுவரிலிருந்து புதிய பையைக் கிள்ளி எடுக்க வேண்டும். கிள்ளும் வேலை 'மரத்துப்போன' மரபணுவுடையது; அதன் புரதத்தின் பெயர் டைனமின். கலந்து முடிந்த பையின் பிணைப்புகளை அவிழ்த்து மறுபடி பயன்படுத்தும் வேலை 'மூர்ச்சை'யுடையது. 'மூர்ச்சை'யின் புரதமும், ஜேம்ஸ் ராத்மன் வேறு வழியாகச் செல்லுக்குள் கண்டுபிடித்திருந்த என்.எஸ்.எஃப். என்ற புரதமும் ஒன்றே என்று 1995இல் தெரிந்தது. செல்லுக்குள் இந்தப் பைகளின் போக்குவரத்தை விளக்கியதற்காக ராத்மனுக்கும் மற்ற இருவருக்கும் 2013இல் நோபல் பரிசு. பம்பாயின் கே.எஸ். கிருஷ்ணன் ஷிபிரே ஈக்களோடு பல ஆண்டுகள் உழைத்தார். அவர் 2014இல் மறைந்தார்.

சித்திக்கி பம்பாய் திரும்பியபோது கையில் ஒரு புதிய கேள்வி இருந்தது. இனிப்பு இனிப்பாகவும், கசப்பு கசப்பாகவும் மூளைக்கு எப்படித் தெரிகிறது? நாவில் நிகழும் ரசாயனம் எப்படி ருசியாகிறது? மேல்நாடுகளில்கூட அன்று அதிகம் பேர் தொடாத கேள்வி. அந்நியச் செலாவணிக்கு முட்டிமோத வேண்டியிருந்த அந்தக் காலத்தில் இன்னொரு வசதியும் இருந்தது: ஈயை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை, கூழுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை.

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்ட முதல் மாணவர் வெரோனிகா ரோட்ரிக்ஸ். கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். கென்யாவில் பிறந்து, அயர்லாந்தின் டப்ளினில் படித்தவர். சித்திக்கியின் ஆராய்ச்சியைப் படித்துவிட்டு, ஆராய்ச்சி மாணவியாகச் சேர விரும்பிப் பம்பாய்க்கு எழுதினார். இந்தியாவிலிருந்து மேலைநாடுகளுக்கு விஞ்ஞானிகள் வரிசையில் நின்ற காலத்தில், எதிர்த் திசையில் வந்தவர்.

ஈக்கு ருசி வாயில் மட்டுமல்ல, காலிலும் இருக்கிறது. சர்க்கரைப் பாகில் கால் பட்டதும் மடித்து வைத்திருக்கும் உறிஞ்சு குழலை நீட்டும். குழலின் நுனியில் ருசி மயிர்கள். ஒவ்வொரு மயிரின் அடியிலும் சில நரம்பு செல்கள். ஒன்று இனிப்புக்கு, ஒன்று உப்புக்கு, ஒன்று தண்ணீருக்கு என்று வேலைப் பங்கீடு. மயிரின் நுனியில் நுண்ணிய கண்ணாடிக் குழாயைப் பொருத்தினால், அதிலிருக்கும் சர்க்கரைக் கரைசலே ருசியும் ஆகிறது, மின்கம்பியும் ஆகிறது. நரம்பு துடிப்பதைத் திரையில் பார்க்கலாம். ஈ என்ன சாப்பிட்டது என்று அறிய இன்னும் எளிய வழி, ஆகாரத்தில் சாயம் கலப்பது. வயிறு கண்ணாடி போலத் தெரியும்; சிவந்திருந்தால் சிவப்பைத் தின்றிருக்கிறது, நீலமாயிருந்தால் நீலத்தை.

இப்படியெல்லாம் சோதித்து, ருசியும் வாசனையும் பிசகிய ஈக்களை ரோட்ரிக்ஸும் சித்திக்கியும் 1978இல் வெளியிட்டார்கள், இந்தியாவிலேயே வெளிவரும் ஒரு விஞ்ஞானச் சஞ்சிகையில். 1981இல் வந்தது இன்னும் நுட்பமான ஈ. குளுக்கோஸ் வகைச் சர்க்கரை அதற்குத் தெரியவில்லை; ஆனால் பழச் சர்க்கரையான ஃபிரக்டோஸ் தெரிந்தது. ஆக, ஈக்கு 'இனிப்பு' என்று ஒரே வாசல் இல்லை, தனித்தனி வாசல்கள் இருக்கின்றன.

இந்தப் பரம்பரையின் மிக அழகான ஈ 1987இல் 'நேச்சர்' இதழில் அறிமுகமானது. கடும் உப்பை ஈக்கள் வெறுக்கும். இந்த ஈ உப்பை நாடிப் போனது. நரம்பில் மின்முனை வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: சர்க்கரைக்குத் துடிக்க வேண்டிய செல் உப்புக்கும் துடித்துக்கொண்டிருந்தது. ஈயைப் பொறுத்தவரை அது உப்பைத் தின்னவில்லை, இனிப்பைத்தான் தின்றுகொண்டிருந்தது. ருசி பொருளில் இல்லை, எந்த நரம்பு துடிக்கிறது என்பதில் இருக்கிறது. தத்துவ ஞானிகள் காலங்காலமாக வாதிட்டுவந்த ஒரு விஷயத்தை, கொலாபாவில் ஒரு குழாய்க்குள் ஓர் ஈ நடித்துக் காட்டியது.

வாசனையை உணரும் மரபணுக் குடும்பம் ஈயில் பிடிபட்டது 1999இல், ருசிக்கான குடும்பம் 2000இல். இரண்டும் அமெரிக்க ஆய்வகங்களில், மரபணுத் தொகுப்பின் எழுத்துகளைக் கம்ப்யூட்டர் உதவியோடு அலசிய பிறகு. கடைசிக் கதவைத் திறந்தது பம்பாய் அல்ல. ஆனால் அங்கே ஒரு கதவு இருக்கிறது, அதை மரபியலால் தட்டலாம் என்று இருபது ஆண்டுகளுக்கு முன்பே தட்டிக் காட்டியது பம்பாய். விஞ்ஞானத்தில் இப்படிப்பட்டவர்களுக்குப் பரிசு வருவது அபூர்வம், மேற்கோள்கள் வரும்.

கடலோரத்தில் இடம் போதவில்லை. உயிரியலுக்கென்றே தனி மையம் வேண்டும் என்று சித்திக்கி ஆண்டுக்கணக்கில் போராடி, 1990களின் தொடக்கத்தில் பெங்களூரில் அதை நிறுவினார். முதல் இயக்குநரும் அவரே. ஜி.கே.வி.கே. வளாகத்தின் கட்டடங்கள் எழுந்து ஈக்கள் குடிபுகுந்தது பிறகு. அவருக்குப் பின் இயக்குநரான கே. விஜயராகவன், பறக்கும் தசைகளும் அவற்றின் நரம்புகளும் எப்படி உருவாகின்றன என்பதை இதே ஈயில் ஆராய்ந்தவர். பின்னாளில் மத்திய அரசின் தலைமை அறிவியல் ஆலோசகராக இருந்தார். ரோட்ரிக்ஸும் மும்பையிலிருந்து இங்கே வந்தார். வாசனை நரம்புகள் மூளைக்குள் தம் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்பது அவர் கேள்வி. 2010இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. பதவி விட்ட பிறகும் ஆய்வகத்தை விடாமல், ஈக்களின் வாசனை நினைவை ஆராய்ந்துகொண்டிருந்த சித்திக்கி, 2013 ஜூலையில் பெங்களூர்ச் சாலையில் நடந்து செல்கையில் இருசக்கர வாகனம் மோதி, சில நாட்களில் காலமானார். வயது 81.

கேள்வி நிற்கவில்லை. இதே மையத்தின் கைத்தி ஹாசன், செல்லுக்குள் சேமித்து வைத்த கால்சியத்தைத் திறந்துவிடும் ஒரு புரதத்தை ஈயில் கெடுத்துப் பார்த்தார். ஈ நடந்தது, பறக்கவில்லை. 2004இல் அவர் குழு வெளியிட்ட முடிவு வியப்பானது: நல்ல மரபணுவை உடல் முழுவதும் திருப்பித் தர வேண்டியதில்லை, குறிப்பிட்ட ஒரு வகை நரம்பு செல்களில் மட்டும் தந்தால் போதும், ஈ மறுபடி பறந்தது. மனிதரில் இதே புரதத்தின் மரபணுவில் ஒரு பகுதி இல்லாமல் போனால் நடை தள்ளாடும் பரம்பரை நோய் ஒன்று வருகிறது என்று 2007இல் தெரிந்தது. 'வாதம்' ஈயின் சோடியம் கதவுக்கு உறவான மனித மரபணு ஒன்று கெட்டால் சில வகை வலிப்பு நோய்கள் வருகின்றன. எந்த நோயையும் குறிவைத்துத் தொடங்காத ஆராய்ச்சி, குழந்தைக்கு ஏன் வலிப்பு வருகிறது என்று கேட்கும் தாய்க்குப் பதில் சொல்லும் இடத்துக்கு வந்து நிற்கிறது.

ஏழை நாட்டுக்கு ஈ ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. கேள்வி தவறல்ல, பொதுப்பணம் செலவாகும் இடத்தில் கேட்கத்தான் வேண்டும். ஆனால் எந்த ஈ எந்த நோய்க்குப் பயன்படும் என்று 1976இல் யாராவது உத்தரவாதம் கேட்டிருந்தால், சித்திக்கியால் தந்திருக்க முடியாது. பென்ஸராலும் முடியாது. அவர்களால் தர முடிந்தது ஒரு நல்ல கேள்வியும் அதைச் சோதிக்கும் வழியும் மட்டுமே.

கேள்வியின் அளவு இப்போது பெரிதாகிவிட்டது. 2023இல் ஈப்புழுவின் மூளை முழுவதும் வரைபடமாக வந்தது: 3,016 நரம்பு செல்கள், அவற்றுக்கிடையே ஐந்தரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான சந்திப்புகள். 2024 அக்டோபரில் வளர்ந்த பெண் ஈயின் மூளை வந்தது: 1,39,255 செல்கள், சுமார் ஐந்து கோடி சந்திப்புகள். பல நாடுகளின் விஞ்ஞானிகளும் ஆர்வலர்களும் சேர்ந்து முடித்த வேலை. கடுகளவு மூளையில் தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு முகவரி கிடைத்துவிட்டது. ஆனால் முகவரிப் பட்டியலைப் படித்து ஊரில் யாருக்கு யார் மேல் கோபம் என்று சொல்ல முடியாது. அதற்கு மறுபடி ஒரு விளக்கை அணைத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்காக இன்று உலகமெங்கும் பயன்படும் கருவிகளில் ஒன்று, 2001இல் உருவான ஒரு முறை. விரும்பிய செல்களில் மட்டும் ஷிபிரே மரபணுவை நுழைத்து, சூடேற்றி, அந்தச் செல்களின் வாயை மட்டும் அடைத்துவிடுவது. சித்திக்கியின் தலைமுறை கண்டு வியந்த நோய், இன்றைய தலைமுறையின் ஸ்விட்ச்.

இந்த ஆராய்ச்சியின் சொத்து கட்டடங்களிலோ கருவிகளிலோ இல்லை. குழாய்களில் இருக்கிறது. பாக்டீரியாவை உறையவைத்து ஆண்டுக்கணக்கில் அலமாரியில் பூட்டலாம். ஈயை அப்படிச் செய்வது சுலபமல்ல. கருவை உறையவைத்து மீட்கும் முறை ஒன்று 2021இல் வெளிவந்தாலும், அன்றாட வழக்கம் இன்றும் பழையதுதான். 18 டிகிரியில் வைத்தால் சில வாரங்களுக்கு ஒருமுறை, 25 டிகிரியில் இரு வாரங்களுக்கு ஒருமுறை, பழைய குழாயைத் தட்டி ஈக்களைப் புதிய கூழுக்கு மாற்ற வேண்டும். அமெரிக்காவின் புளூமிங்டனில் இருக்கும் ஈக் களஞ்சியத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் இப்படித்தான் உயிரோடு இருக்கின்றன. மைசூர்ப் பல்கலைக்கழகத்திலும் ஒரு களஞ்சியம் உண்டு. ஒரு சுற்றை மறந்தால் கூழ் காயும், பூஞ்சை படரும், ஒரு பரம்பரை அறுந்துபோகும். 1910இன் வெள்ளைக் கண் ஈயின் வாரிசுகள் இன்று உயிரோடு இருப்பது, நூறு வருடத்துக்கும் மேலாக யாரோ ஒருவர் தவறாமல் குழாயைத் தட்டியதால்தான்.

2020 மார்ச்சில் நாடே வீட்டுக்குள் அடைந்தபோது, ஈ வளர்க்கும் ஆய்வகங்களுக்கு வந்த முதல் கவலை அதுதான்: குழாய் மாற்ற யார் போவது? பரிசோதனைகள் நிற்கலாம், கட்டுரைகள் தாமதமாகலாம், ஈ காத்திருக்காது. விஞ்ஞான வரலாற்றில் பெயர் வராத வேலை இது. ஆய்வக உதவியாளர்களும் மாணவர்களும் முறைபோட்டுச் செய்வது. நம் வீடுகளில் உறை மோர் இப்படித்தான் இருந்தது; நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைக்கு, இன்றையதில் ஒரு கரண்டி நாளைக்கு. எந்தப் பாட்டி தொடங்கினாள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் மறந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கலாம். உலகத்தில் ஒரே ஒரு குழாயில் மட்டும் இருக்கும் ஈக்குப் பக்கத்து வீடு கிடையாது.

புதிய கூழ் ஆறியதும் குழாய்கள் தட்டில் அடுக்கப்படுகின்றன. ஒரு கையில் பழைய குழாய், ஒரு கையில் புதியது. பஞ்சை எடுத்து, வாயோடு வாய் வைத்து, மேஜை மேல் மெல்ல ஒரு தட்டு. ஈக்கள் இடம் மாறுகின்றன. பஞ்சு மூடுகிறது. பேனாவால் தேதி எழுதி, அடுத்த குழாய்.